ஆகாசத்துக் காமிரா

போன தை மாதம் கும்பகோணத்தில் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம். படம் பிடிப்பதற்கென்று ஏற்பாடு செய்த ஆட்கள் நாலு பேர் பந்தலில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். இருந்தாலும் நம் கையால் பத்துப் படமாவது எடுத்தால்தான் மாமன் என்ற உரிமைக்கு அழகு என்று எனக்கு ஒரு சபலம். பீரோவுக்குள், தோல் பைக்குள், மூன்று வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த என் டிஜிட்டல் காமிராவைத் தட்டி எழுப்பினேன்.

சும்மா எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. சாஸ்திரோக்தமாகப் பரிசோதனை நடத்தினேன். பாட்டரியை ராத்திரி முழுவதும் மின்சாரம் குடிக்க வைத்தேன். மெமரி கார்டில் இருந்த பழைய குப்பையைத் துடைத்தேன். லென்ஸை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தேன். தோளில் மாட்டும் வார் அறுந்துவிடுமோ என்று இழுத்துக்கூடப் பார்த்தேன். கடைசியாக வாசல் துளசி மாடத்தை ஒரு படம் எடுத்து, காமிராவின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. பரீட்சையில் காமிரா பாஸ்!

கல்யாணம் முடிந்து, படங்களை என் மருமான் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மணமகன், மணமகள், நாதஸ்வரக்காரர், சம்பந்தி எல்லோருமே கற்பூரப் புகைக்கு அப்பால் நிற்பதுபோல் நின்றார்கள். ஒரு படத்தில் என்னை வளர்த்த அத்தை இருக்கிறாள். எண்பத்தாறு வயசு. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதற்கு முன்னால் ஒரு கணம் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பும் புகைக்குள். சித்திரையில் அத்தை போய்விட்டாள். கூலிக்கு வந்தவர்கள் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் அவள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாளே ஒழியச் சிரிக்கவில்லை.

காமிராவை எடுத்துக்கொண்டு, சென்னையில் ஒரு சந்துக்குள் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் ரிப்பேர்க்காரரிடம் போனேன். அவர் லென்ஸைக் கழற்றிப் பின்னாலிருந்து டார்ச் அடித்தார். கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பூசணம், சார். தோல் ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். அதுக்குள்ளே போட்டு மூடினா ஊறுகாய்க்கு வர்ற மாதிரி இதுக்கும் வந்துடும். எடுக்கறதுக்கு முன்னாலே பார்க்கலையா?"

"பார்த்தேனே! படம் எடுத்தே பார்த்தேன்."

"எதிலே பார்த்தீங்க?"

"இந்தத் திரையிலேதான்."

"அது தீப்பெட்டி அகலம், சார். அதிலே எல்லாமே அழகாத்தான் தெரியும்" என்றார் அவர்.

இனிமேல் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை இழுக்கிற சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கச் சொன்னார். மாதம் ஒரு தரமாவது வெளியே எடுத்து வெளிச்சம் காட்டச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் மனசு வேறெங்கோ போய்விட்டது. பரிசோதனை செய்யாமல் விட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். செய்தேன், செய்த பரிசோதனையே என்னை ஏமாற்றிவிட்டது. இதே ஏமாற்றத்தை நூற்றைம்பது கோடி டாலர் செலவில் அநுபவித்தவர்கள் உண்டு. ஹப்பிள் தொலைநோக்கியைச் செய்தவர்களைத்தான் சொல்லுகிறேன்.

தொலைநோக்கி என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு டிஜிட்டல் காமிராதான் அது. லென்ஸுக்குப் பதிலாக 2.4 மீட்டர் அகலமுள்ள கண்ணாடி. பாட்டரி உண்டு. ஆடாமல் பிடித்துக்கொள்ளக் கைக்குப் பதிலாக ஜைரோ என்ற சுழல் கருவிகள் உண்டு. சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடுகள் உண்டு. நம் வீட்டுக் காமிராவுக்கு என்னென்ன சீக்கு வருமோ அத்தனையும் அதற்கும் வந்திருக்கிறது.

ஆகாசத்துக்கு ஏன் டிஜிட்டல் காமிரா? பிலிம் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1960-லிருந்து 1972 வரை அமெரிக்கா 'கொரோனா' என்ற ரகசியப் பெயரில் வேவுக் காமிராக்களை மேலே அனுப்பியது. பிலிம் தீர்ந்ததும் அதை ஒரு கூட்டில் வைத்துக் கீழே தள்ளிவிடும். கூடு பாராசூட்டில் இறங்கி வரும்போது, பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே காத்திருக்கும் விமானம் அதை அந்தரத்திலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும்! மரத்திலிருந்து விழும் மாங்காயைத் தரையில் படாமல் பிடிக்கிற வித்தை. வேவு பார்க்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம். வருஷக்கணக்கில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

அந்தச் சங்கடத்துக்கு விடை 1969 அக்டோபரில் பிறந்தது. பெல் ஆராய்ச்சிச்சாலையில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவரும் ஒரு நாள் பிற்பகல் கரும்பலகையில் கோடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசி முடிவதற்குள் ஸிஸிடி என்னும் சில்லின் திட்டம் உருவாகிவிட்டது. வெளிச்சம் விழுந்தால் அதை மின்னூட்டமாக மாற்றி, கிணற்றில் நீர் இறைப்போர் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல், கட்டம் கட்டமாக நகர்த்தி வெளியே கொண்டுவரும் சில்லு அது. நாற்பது வருஷம் கழித்து, 2009-ல், இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1977-ல் ஹப்பிளுக்குக் காமிரா தேர்ந்தெடுத்தபோதே கலிபோர்னியாக்காரர்கள் இந்தச் சில்லை வைத்துத்தான் திட்டம் கொடுத்தார்கள். கடையில் டிஜிட்டல் காமிரா என்ற சரக்கே இல்லாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்னும் ஊரில் இருந்த பெர்க்கின்-எல்மர் கம்பெனி. 1981-ல் வேலை முடிந்தது. தேய்ப்பு என்றால் நம் ஊர் சாணைக்கல் தேய்ப்பு அல்ல. கொஞ்சம் தேய்ப்பது, அளந்து பார்ப்பது, மறுபடியும் கொஞ்சம் தேய்ப்பது என்று மாதக்கணக்கில் நடக்கிற வேலை. அளப்பதற்கு ஒரு கருவி செய்துகொண்டார்கள். இரண்டு சிறு கண்ணாடிகளும் ஒரு லென்ஸும் அடங்கிய பீப்பாய் மாதிரி ஒன்று. அதன் வழியாக ஒளியைச் செலுத்தினால் கோடு கோடாக ஒரு கோலம் தெரியும். கண்ணாடி சரியாக இருந்தால் கோடுகள் நேராக இருக்கும், இல்லாவிட்டால் வளையும். கொத்தனார் கையில் இருக்கும் மூலமட்டம் போலத்தான். சுவர் மூலமட்டத்தோடு ஒட்டி நின்றால் சரி. இடைவெளி தெரிந்தால் தப்பு.

மூலமட்டமே கோணலாக இருந்தால்?

இருந்தது. பீப்பாய்க்குள் அந்த லென்ஸ் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு உலோகக் கம்பியால் அளந்தார்கள். வெயிலுக்கும் குளிருக்கும் நீளாத, குறுகாத இன்வார் என்ற உலோகம். கம்பியின் நுனியில் ஒளிக்கற்றை பட்டுத் திரும்ப வேண்டும். ஒளி சரியாக நுனியின் நடுவில் படட்டும் என்று, நடுவே துளையிட்ட ஒரு தொப்பியைக் கம்பிக்கு மாட்டினார்கள். தொப்பியில் ஒளி பட்டுத் திரும்பிவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒளி மினுங்காத பூச்சும் பூசினார்கள். எவ்வளவு முன்ஜாக்கிரதை! ஆனால் அந்தப் பூச்சில் கடுகத்தனை இடம் பெயர்ந்திருந்தது. ஒளி நுனிக்குப் போகாமல் அந்தப் பெயர்ந்த இடத்தில் பட்டே திரும்பிவிட்டது. கம்பியை அளந்ததாக நினைத்துத் தொப்பியை அளந்துவிட்டார்கள். வித்தியாசம் 1.3 மில்லிமீட்டர்.

இந்த இடத்தில் கருவி ஒரு தரம் வாய்விட்டுக் கத்தியது என்றே சொல்ல வேண்டும். தப்பான அளவுக்கு லென்ஸைக் கீழே இறக்கப் பார்த்தபோது திருகு அவ்வளவு தூரம் இறங்க மறுத்தது. உயர்ந்த ரகக் கருவி. கணக்குப் போட்டுச் செய்த திருகு. அது ஏன் போதவில்லை என்று யாராவது ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்திருக்கலாம். அதற்குப் பதிலாக வாஷர்களைச் சொருகி இடைவெளியைச் சரிக்கட்டினார்கள். நம் வீட்டில் ஆடுகிற மேஜைக்குக் காகிதத்தை மடித்து வைப்போமே, அந்த வைத்தியம்.

பிறகு நடந்ததுதான் என் மனசை அதிகமாக உறுத்துகிறது. கண்ணாடியை வேறு கருவிகள் கொண்டும் பார்த்தார்கள். லென்ஸால் ஆன பழைய மாதிரி அளவுகருவி ஒன்று, கண்ணாடி கோணல் என்று சொல்லிற்று. புதுக் கருவியையே சோதிப்பதற்கென்று செய்த மற்றொன்றும் கோணல் என்றே சொல்லிற்று. இரண்டு சாட்சிகள், ஒரே வாக்குமூலம்! ஆனால் அவை இரண்டும் நுட்பம் குறைந்தவை. புதுக் கருவியோ உலகத்திலேயே நுட்பமானது. ஆகையால் தப்பு சாட்சிகளிடந்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, பணம் திட்டத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. தொலைநோக்கி முழுவதையும் பூட்டி, ஒரு தரம் முழுப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்ற பேச்சும் செலவை நினைத்து அடங்கிப் போயிற்று. நான் அந்த அறையில் இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? சின்னத் திரையில் துளசி மாடம் பளிச்சென்று தெரிந்தபோது எனக்குச் சந்தேகம் வந்ததா?

கண்ணாடிக்கு அப்புறம் நடந்த உபசாரத்தைச் சொன்னால் வயிறு எரியும். 1986 அக்டோபரில் மேலே போக வேண்டியது, அந்த வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி சாலஞ்சர் விண்கலம் ஏழு பேருடன் வெடித்துச் சிதறியதால் நின்றுபோயிற்று. அதனால் கலிபோர்னியாவில் தூசி புகாத அறையில் தொலைநோக்கி கிடந்தது. உள்ளே ஈரம் தங்காமல் நைட்ரஜன் வாயு செலுத்தினார்கள். கருவிகள் உறங்கிவிடாமல் மின்சாரம் கொடுத்தார்கள். மாதம் சுமார் அறுபது லட்சம் டாலர் செலவு. வீட்டுப் பெண்ணைப்போல அத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றினார்கள். தூசியைப் பார்த்தார்கள், ஈரத்தைப் பார்த்தார்கள். கண்ணாடியின் வளைவை மறுபடி யாரும் பார்க்கவில்லை. அதுதான் உலகத்திலேயே அப்பழுக்கற்ற கண்ணாடி என்று ஏற்கனவே நற்சாட்சி வாங்கியாயிற்றே!

1990 ஏப்ரல் 24-ஆம் தேதி டிஸ்கவரி விண்கலம் அதை மேலே கொண்டுபோயிற்று. மே 20-ஆம் தேதி முதல் படம். தரையிலிருந்து எடுத்த படத்தைவிடத் தேவலைதான். ஆனால் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் போகவே இல்லை. முன்னே நகர்த்தினார்கள், பின்னே நகர்த்தினார்கள். எந்த இடத்திலும் குவியவில்லை. நட்சத்திரத்தின் ஒளியில் 70 சதவீதம் ஒரு சிறு புள்ளிக்குள் விழ வேண்டும். விழுந்தது சுமார் 15 சதவீதம். ஜூன் 27-ஆம் தேதி உலகத்துக்குச் சொல்லியே தீர வேண்டியதாயிற்று: கண்ணாடியின் விளிம்பு அளவுக்கு மேல் தட்டையாகிவிட்டது. எவ்வளவு? 2.2 மைக்ரான். தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு.

அமெரிக்காவே சிரித்தது. 1991-ல் வந்த ஒரு ஹாஸ்யப் படத்தில், டைட்டானிக் கப்பலின் படத்தோடு இதன் படத்தையும் ஒரே சுவரில் மாட்டிக் காட்டினார்கள்.

லூ ஆலன் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு டான்பரிக்குப் போயிற்று. கம்பெனி அதற்குள் கைமாறிவிட்டது. ஆனால் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்: அந்தப் பீப்பாய்க் கருவியை யாரும் பிரிக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விட்டது விட்டபடியே, வாஷர்கள் சொருகியபடியே இருந்தது. துப்பறியும் கதை எழுதுகிறவன் இப்படித் தடயத்தை வைத்தால், 'இவ்வளவு வசதியாக எங்கே கிடைக்கும்?' என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். அளந்தார்கள்; அந்த 1.3 மில்லிமீட்டர் அங்கேயே இருந்தது. நவம்பரில் அறிக்கை வந்தது.

நல்ல வேளை, ஒரு ஆறுதலும் அதிலேயே இருந்தது. கண்ணாடி தாறுமாறாகக் கெடவில்லை. தப்பான கருவிக்கு அச்சு அசலாகப் பொருந்தும்படி, மகா சுத்தமாகக் கெட்டிருந்தது. எவ்வளவு கோணல் என்று தெரிந்துவிட்டால், நேர் எதிர்க் கோணலில் மூக்குக்கண்ணாடி செய்து மாட்டிவிடலாம் அல்லவா?

அதற்குள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டும் படங்களைத் தெளிவாக்கினார்கள். பிரகாசமான கிரகங்களுக்கு அது பலித்தது. மங்கலான தூரத்து மண்டலங்களுக்குப் பலிக்கவில்லை. என் மருமானும் அத்தையின் படத்தை அப்படித்தான் சரிசெய்ய உட்கார்ந்தான். புருவம் தெளிந்தது, மூக்குத்தி தெளிந்தது; முகம் மட்டும் வேறு யாரோ ஒரு கிழவியுடையதாகிவிட்டது. "வேண்டாம்டா, பழையபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

பிரதான காமிராவுக்கு மாற்றாக, திருத்தத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஒரு புதுக் காமிரா தயாராயிற்று. மற்றக் கருவிகளுக்கு எப்படி மூக்குக்கண்ணாடி மாட்டுவது? ஜேம்ஸ் கிராக்கர் என்ற எஞ்சினீயர் ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் குளிக்கப் போனார். அங்கே குளியல் குழாயின் தலை ஒரு கம்பியில் மேலும் கீழும் நகரும்படி, மடங்கும்படி இருந்தது. தண்ணீரை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். காசு காசாகச் சிறு கண்ணாடிகளை இப்படி மடங்கும் கைகளில் பொருத்தி, ஒளிக்குக் குறுக்கே நீட்டினால் போதுமே! அப்படிப் பிறந்ததுதான் காஸ்டார் என்னும் கருவி. டெலிபோன் கூண்டு அளவு பெட்டிக்குள் பத்தே பத்துச் சிறு கண்ணாடிகள். ஆனால் அதை வைக்க இடம் வேண்டும். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிளெஸ் என்பவர் தலைமையில் வருஷக்கணக்காக உழைத்துச் செய்த ஒளிமானி ஒன்று அந்த இடத்தில் இருந்தது. அதைக் கழற்றுவதென்று முடிவாயிற்று. அவர் செய்த கருவியில் ஒரு கோணலும் கிடையாது. யாரோ செய்த தப்புக்கு இடம் கொடுத்து விலகிக்கொண்டது.

1993 டிசம்பர் 2-ஆம் தேதி என்டவர் விண்கலத்தில் ஏழு பேர் கிளம்பினார்கள். அவர்களில் ஸ்டோரி மஸ்க்ரேவுக்கு வயசு 58. அந்த வருஷந்தான் வெற்றிட அறையில் கருவிகளைப் பழகியபோது கடுங்குளிரில் அவர் விரல்கள் உறைந்து புண்ணாகியிருந்தன. ஆறி, மறுபடியும் வந்துவிட்டார். ஐந்து நாள், ஐந்து தரம் வெளியே மிதந்து வேலை செய்தார்கள். முதல் நாளே ஜைரோக்களை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போனால், கதவு சாத்தவில்லை! மழைக்காலத்துப் பலகைக் கதவுபோல ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் எழுந்தது. கடைசியில் மஸ்க்ரேவும் ஜெப்ரி ஹாப்மனும் ஒரு பட்டையைப் போட்டு இறுக்கி இழுத்துச் சாத்தினார்கள். மறுநாள், வளைந்து மடங்க மறுத்த பழைய சூரியத் தகட்டைக் காத்ரின் தார்ன்டன் கையால் பிடித்து, மெல்ல விட்டுவிட்டார். அது பிரம்மாண்டமான பட்சிபோல் மிதந்து அகன்றது. மூன்றாம் நாள் புதுக் காமிரா. பூமியில் சுமார் 280 கிலோ கனம். அங்கே கனமில்லை, ஆனால் இடித்தால் இடித்ததுதான். முன்னால் துருத்திக்கொண்டிருந்த சிறு கண்ணாடியின் மூடியைக் கழற்றிவிட்டு, கைபடாமல் உள்ளே செலுத்தினார்கள். நாலாம் நாள் காஸ்டார்.

டிசம்பர் 18-ஆம் தேதி நள்ளிரவுக்குமேல் பால்டிமோர் நகரில் ஒரு திரையைச் சுற்றிக் கூட்டமாக நின்றார்கள். முதல் நட்சத்திரம் வந்தது. வளையம் இல்லை, புள்ளி, வெறும் புள்ளி. வளர்ந்த மனிதர்கள் குதித்தார்கள்.

அந்தப் புதுக் காமிராவுக்கும் பராமரிப்பு ஓயவில்லை. அதன் சில்லுகளைப் பூஜ்யத்துக்குக் கீழே 88 டிகிரிக் குளிரில் வைத்திருந்தார்கள். குளிர்ந்த சொம்பின் மேல் நீர் வேர்ப்பதுபோல், தொலைநோக்கிக்குள் உலவும் நுண்ணிய ஆவி அந்தக் குளிர்ந்த ஜன்னலில் வந்து படியும்; ஊதாவுக்கு அப்பாற்பட்ட ஒளி மங்கிவிடும். அதற்காக மாதம் ஒரு தரம் காமிராவைச் சூடாக்கி, படிந்ததை ஆவியாக்கி விரட்டினார்கள். ரிப்பேர்க்காரர் எனக்குச் சொன்ன அதே மாதக் கணக்கு! அந்தக் காமிரா 15 வருஷத்துக்கு மேல் உழைத்தது. ஹப்பிளின் முதல் பாட்டரிகள் 19 வருஷம் ஓடின.

2009 மே மாதம் கடைசித் தடவையாக ஆட்கள் போனார்கள். பழைய காமிராவைக் கழற்றப் போனால் பிடித்திருந்த போல்ட்டு அசையவில்லை. மேலும் முறுக்கினால் போல்ட்டு முறிந்து, காமிரா அங்கேயே மாட்டிக்கொண்டுவிடும் என்ற பயத்தோடுதான் முறுக்கினார்கள். நகர்ந்தது. மற்றொரு நாள் மைக் மாசிமினோ என்பவர், நூற்றுக்கு மேற்பட்ட சிறு திருகுகளைக் கழற்றத் தயாராக வந்தார். அவற்றுக்கு முன்னால் கழற்ற வேண்டிய ஒரு கைப்பிடியின் திருகு தேய்ந்து வழுக்கியது. பல வருஷம் பயிற்சி செய்த நுட்பமெல்லாம் அங்கே செல்லவில்லை. கீழிருந்து வந்த யோசனையின்படி கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினார்! அப்புறந்தான் சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாக, ஒன்றும் பறந்துவிடாமல் கழற்றினார். 2011-ல் அந்த விண்கலங்களே ஓய்வு பெற்றுவிட்டன. 2024 ஜூனிலிருந்து ஹப்பிளை ஒரே ஒரு ஜைரோவை நம்பி ஓட்டும்படி ஆயிற்று.

கழற்றிக் கொண்டுவந்த காமிராவும் காஸ்டாரும் ஸ்மித்ஸோனியன் ஆகாய விமானக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அதே காட்சிசாலையில் இன்னொரு கண்ணாடியும் இருக்கிறது. பெர்க்கின்-எல்மர் தேய்த்த அதே காலத்தில், ஒருவேளை தேவைப்படலாம் என்று கோடக் கம்பெனி வேறு முறையில் தேய்த்து, வேறு கருவிகளால் சோதித்த மாற்றுக் கண்ணாடி அது. 1990-ல் தொலைநோக்கியைக் கீழே இறக்கி அதை மாட்டிவிடலாமா என்றுகூட யோசித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். அதன்மேல் அலுமினியம் பூசவே இல்லை. அதனால் முகம் பார்க்க முடியாது. உள்ளே தேன்கூடு மாதிரிக் கட்டியிருக்கும் கண்ணாடி அறைகள்தான் தெரியும்.